டர்பன்ல பழைய கார் வாங்கியாச்சு, இன்சூரன்ஸ் எது போடறது: ஃபுல்லா, பாதியா, இல்ல வேணவே வேணாமா?

நம்ம ஊர்லேர்ந்து இங்க வேலைக்கு வந்தவங்க முதல்ல நம்ப மாட்டாங்க, ஆனா நிஜம்தான், சவுத் ஆப்பிரிக்காவுல காருக்கு இன்சூரன்ஸ் போட்டே ஆகணும்னு சட்டம் கிடையாது. ஊர்ல தர்ட் பார்ட்டி இல்லாம பைக் எடுத்தாலே முக்குல நிக்கற போலீஸ் மடக்கிடுவாரு. இங்க ஹிக்கின்சன் ஹைவேல ரோட் பிளாக் போட்டு நிறுத்துனா லைசென்ஸ் பாப்பாங்க, கண்ணாடில ஒட்டியிருக்கற வண்டி லைசென்ஸ் டிஸ்க் தேதிய பாப்பாங்க, டயர சுத்தி வந்து பாப்பாங்க, இன்சூரன்ஸ் பேப்பர ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதனால பழைய வண்டி வாங்குறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடறாங்க. ஒரு கட்சி, "எழுபதாயிரம் ரேண்ட் வண்டிக்கு எதுக்குப்பா மாசாமாசம் தண்டம்"னு விட்டுடுது. இன்னொரு கட்சி டீலர் கடையில உக்கார வெச்சு நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போட்டு காம்ப்ரிஹென்சிவ், அதாவது ஃபுல் இன்சூரன்ஸ், எடுத்துட்டு, எவ்வளவு போகுது எதுக்கு போகுதுன்னு தெரியாம வருஷக்கணக்கா டெபிட் ஆர்டர்ல பேங்க்லேர்ந்து தானா காசு போக விட்டுடுது. ரெண்டு பேருமே பாக்கறது தன் வண்டியோட விலைய மட்டும்தான், அங்கதான் இடிக்குது.

சட்டம் ஏன் கேக்கலன்னா, ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட்னு அரசாங்கமே ஒண்ணு வெச்சிருக்கு. நாம போடற ஒவ்வொரு லிட்டர் பெட்ரோல், டீசல் விலையிலயும் அதுக்குன்னு ஒரு பங்கு சேந்தே வருது, 2021-ல அத லிட்டருக்கு 2 ரேண்ட் 18 சென்ட் ஆக்கினாங்க. ஆக்சிடென்ட்ல ஆள் அடிபட்டா, செத்துப்போனா, அந்த ஃபண்ட்லேர்ந்துதான் நஷ்டஈடு. அது எப்ப வந்து சேரும்கறது தனி சோகக் கதை, அத விடுங்க. ஆனா அந்த ஃபண்ட் வண்டிக்கு ஒரு சென்ட் தராது. நீங்க இடிச்ச காருக்கோ, உடைச்ச மதிலுக்கோ, கவுத்த கேட்டுக்கோ அது பொறுப்பில்ல. அப்ப யாரு பொறுப்பு? நீங்கதான், உங்க பாக்கெட்தான்.

இத வெச்சு பாத்தா நம்ம முன்னாடி இருக்கறது நாலு வழி. ஒண்ணுமே போடாம ஓட்டறது. தர்ட் பார்ட்டி மட்டும். தர்ட் பார்ட்டியோட தீ, திருட்டு சேத்து. அப்புறம் காம்ப்ரிஹென்சிவ்.

ஒண்ணுமே போடாம ஓட்டறவங்க இந்த நாட்டுல கொஞ்சநஞ்சம் இல்ல, ரோட்ல ஓடற வண்டில பாதிக்கு மேல இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னு இன்சூரன்ஸ் கம்பெனிங்களே சொல்லிக்கிட்டு இருக்கு. நான் இருக்கற சாட்ஸ்வர்த்ல பக்கத்து வீட்டு அங்கிள் ஒருத்தரு, பழைய பக்கி (இங்க பிக்கப் வண்டிய அப்படித்தான் சொல்லுவாங்க) ஒண்ணு வெச்சிருக்காரு, அவரோட வாதம் என்னன்னா "கம்பெனிக்கு குடுக்கற காச நானே பேங்க்ல போடறேன், வண்டி போச்சுன்னா அந்த காசுல வேற வாங்கிக்கறேன்." கேக்க நல்லாத்தான் இருக்கு, தன் வண்டி அளவுக்கு அது சரியான கணக்கும்கூட, உண்மையாவே மாசாமாசம் போட்டா. ஆனா அவரு ரோபாட்ல, அதாவது டிராஃபிக் சிக்னல்ல, நிக்கற புது ஃபார்ச்சூனர் பின்னாடி போய் மோதுனா? இப்ப வர்ற வண்டில பம்பர்னா வெறும் பம்பர் இல்ல, அதுக்குள்ள சென்சார், கேமரா, ரேடார்னு என்னென்னமோ இருக்கு, பின்னாடி டெயில்கேட்டும் சேந்து நசுங்குச்சுன்னா பில்லு அவரோட பக்கி விலைய தாண்டிடும். அந்த ஃபார்ச்சூனர்காரரு நல்ல மனுஷனா இருந்து "பரவால்ல அங்கிள்"னு சொல்லிட்டு போனாலும் கதை முடியாது, ஏன்னா அவரோட இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு பணத்த குடுத்துட்டு, குடுத்தத வசூல் பண்ண அங்கிள தேடி வரும். வக்கீல் நோட்டீஸ் ஆறு மாசம் கழிச்சு வரலாம், ரெண்டு வருஷம் கழிச்சும் வரலாம், கேஸ் போட அவங்களுக்கு பொதுவா மூணு வருஷம் டைம் இருக்கு. நாம எல்லாம் மறந்து போயிருப்போம்.

இதையே திருப்பிப் போட்டும் பாக்கணும். உங்கள இன்சூரன்ஸ் இல்லாத ஒருத்தன் இடிச்சா நீங்க யார்கிட்ட போவீங்க? ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்னு ஒண்ணு இருக்கு, வக்கீல் இல்லாம நாமளே போய் நிக்கலாம், ஆனா அங்க 20,000 ரேண்ட் வரைக்கும்தான் கேக்க முடியும், 2019-ல வெச்ச வரம்பு அது. ஜெயிச்சாலும் அவன்கிட்ட காசு இருந்தாத்தானே வரும். இந்த ஆபத்துக்கு தர்ட் பார்ட்டி பாலிசி உதவாது, காம்ப்ரிஹென்சிவ் மட்டும்தான் உதவும். இத மனசுல வெச்சுக்கங்க, கீழ கணக்கு போடறப்ப வேணும்.

தர்ட் பார்ட்டி மட்டும் போடறது இருக்கறதுலயே மலிவு. நீங்க அடுத்தவங்க வண்டிக்கோ சொத்துக்கோ பண்ற சேதத்துக்கு கம்பெனி பொறுப்பு, உங்க வண்டி என்ன ஆனாலும் உங்க பாடு. எல்லா கம்பெனியும் இத தானா எடுத்துச் சொல்லாது, போன் பண்ணா எடுத்த எடுப்புல காம்ப்ரிஹென்சிவ் விலைதான் வரும், நாமதான் வாய் விட்டு கேக்கணும். என்ன கேட்டா, இந்த நாட்டுல வண்டிய வெளிய எடுக்கற யாருக்கும் இதுக்கு கீழ போக உரிமையே இருக்கக்கூடாது. ஊர்ல சட்டம் போட்டு வாங்க வெக்கறாங்க, இங்க நாமளே வாங்கிக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது தீ, திருட்டு சேந்தது. டர்பன், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) ரெண்டுலயும் பழைய கார்னா திருட மாட்டாங்கன்னு நினைக்கறது தப்பு, ரோட்ல நெறைய ஓடற மாடலுக்குத்தான் ஸ்பேர் பார்ட்ஸ் டிமாண்ட் ஜாஸ்தி, போலோவும் டொயோட்டாவும் அதனாலதான் காணாம போகுது. துப்பாக்கிய காட்டி பிடுங்கறதும், அதான் ஹைஜாக்கிங், திருட்டு கணக்குலதான் வருது, ஆனா பாலிசில அந்த வார்த்தை இருக்கான்னு ஒரு தடவ படிச்சிக்கங்க. இதுல ஒரு கொக்கி உண்டு, சில மாடலுக்கு டிராக்கர் மாட்டுனாத்தான் திருட்டு கவர் செல்லும்னு கண்டிஷன் இருக்கும், டிராக்கருக்கு மாசச் சந்தா தனி. சந்தா கட்டாம அது வேல செய்யாம கெடந்து வண்டியும் போச்சுன்னா கிளெய்ம் வராது. அதனால இந்த பாலிசியோட உண்மையான விலைன்னா பிரீமியமும் டிராக்கர் சந்தாவும் சேத்துதான்.

காம்ப்ரிஹென்சிவ்ல மேல சொன்ன எல்லாமும் உண்டு, கூடவே உங்க தப்புல உங்க வண்டிக்கு ஆகற சேதம், மரக்கிளை விழறது, கண்ணாடி உடையறது, வெள்ளம், ஆலங்கட்டி மழை. கடைசி ரெண்டையும் சாதாரணமா நினைக்காதீங்க. 2022 ஏப்ரல்ல இங்க பெஞ்ச மழைல நானூறு பேருக்கு மேல செத்தாங்க, ப்ராஸ்பெக்டன்ல டொயோட்டா பேக்டரியே தண்ணிக்குள்ள நின்னுச்சு, அங்க நின்ன புது வண்டிங்களையே ஆயிரக்கணக்குல நொறுக்க வேண்டியதாப் போச்சு. இஞ்சின் வரைக்கும் தண்ணி ஏறுன பழைய காருக்கு ரிப்பேர்னு ஒண்ணு கிடையாது. ஜோபர்க் பக்கம் இருக்கறவங்களுக்கு வெள்ளத்துக்கு பதிலா ஆலங்கட்டி, 2013 நவம்பர் கடைசில கௌடெங்ல அடிச்ச அடில பார்க்கிங்ல நின்ன வண்டியெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. இது எதுவும் தர்ட் பார்ட்டி, தீ, திருட்டு பாலிசில வராது.

சரி, கணக்குக்கு வருவோம். எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி, மதுரைப் பக்கம், வயசு 24, ஒரு 2014 எடியோஸ் வாங்கிட்டு "அண்ணே எது போடறது, நீங்களே சொல்லுங்க"ன்னு வந்து உக்காந்தான். வண்டி விலை 70,000 ரேண்ட். புரியறதுக்காக நம்பர ரவுண்டா வெச்சுக்குவோம், காம்ப்ரிஹென்சிவ் மாசம் 850, தீ திருட்டு சேந்த தர்ட் பார்ட்டி 450, அடிப்படை எக்செஸ், அதாவது கிளெய்ம்ல நாம கைலேர்ந்து போட வேண்டிய பங்கு, 6,000. மாசத்துக்கு 400 வித்தியாசம், வருஷத்துக்கு 4,800. வண்டி மொத்தமா போச்சுன்னா காம்ப்ரிஹென்சிவ்ல அதிகபட்சம் கைக்கு வர்றது 70,000ல 6,000 கழிச்சு 64,000. 64,000த்த 4,800ஆல வகுத்தா பதிமூணு சொச்சம் வருது. அதாவது பதிமூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வண்டி இடிச்சோ மூழ்கியோ மொத்தமா போகும்னு நீங்க நினைச்சா காம்ப்ரிஹென்சிவ் லாபம், இல்லன்னா நஷ்டம். சின்ன சின்ன இடிக்கும் கிளெய்ம் வரும்ங்கறதால கொஞ்சம் காம்ப்ரிஹென்சிவ் பக்கம் சாயலாம். இங்க ஓட்டற மினிபஸ் டாக்சிங்கள பாத்தவங்களுக்கு பதிமூணு வருஷம் அவ்வளவு பெரிய நம்பரா தெரியாது.

இதையே 35,000 ரேண்ட் வண்டிக்கு போட்டு பாருங்க. வண்டி விலை பாதியாச்சேன்னு பிரீமியம் பாதியாகாது, ஏன்னா நீங்க அடுத்தவன் வண்டிய இடிக்கற ஆபத்து உங்க வண்டி பழசானதால குறையல. காம்ப்ரிஹென்சிவ் 750, தீ திருட்டு சேந்தது 400ன்னு வெச்சா வருஷ வித்தியாசம் 4,200. மொத்தமா போனா வர்றது 35,000ல 6,000 போக 29,000. வகுத்தா ஏழு வருஷம். ஏழு வருஷத்துக்கு ஒரு வண்டிய நொறுக்கறவரு இன்சூரன்ஸ் எடுக்கறத விட ஓட்டறத நிறுத்தறது நல்லது. இந்த விலைக்கு கீழ காம்ப்ரிஹென்சிவ் எனக்கு வேஸ்ட்டா தெரியுது, உங்க ஏரியா வெள்ளம் வர்ற ஏரியாவா இருந்தா மட்டும் விதிவிலக்கு. உங்களுக்கு வந்த கொட்டேஷன்ல இருக்கற நிஜ நம்பர போட்டு இதே மாதிரி வகுத்து பாருங்க, ரெண்டு நிமிஷ வேல.

எக்செஸ்னு சொன்னேன்ல, அத மேலோட்டமா பாத்துட்டு விட்டுடாதீங்க. தம்பிக்கு வந்த கொட்டேஷனோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு டேபிள் இருந்துச்சு. அடிப்படை எக்செஸ் 6,000. ஓட்டறவருக்கு 25 வயசுக்கு கீழன்னா அதுக்கு மேல 5,000. பாலிசி ஆரம்பிச்ச முதல் 90 நாளுக்குள்ள கிளெய்ம்னா அதுக்கும் மேல 3,000. மூணையும் கூட்டுனா 14,000, எழுபதாயிரம் வண்டில அஞ்சுல ஒரு பங்கு. "மாசம் 850தானேண்ணே"ன்னு வந்தவன் அந்த பேப்பர பாத்ததும் கம்முனு ஆயிட்டான். எக்செஸ ஏத்திக்கிட்டா பிரீமியம் கொறைப்போம்னு போன்ல ஆசை காட்டுவாங்க, அந்த எக்செஸ் காசு பேங்க்ல எப்பவும் தனியா இருக்கும்னா செய்ங்க, சம்பளத்துக்கு சம்பளம் ஓடறவங்க செய்யாதீங்க. புதுசா வந்தவங்க இன்னொன்னும் கேளுங்க, நம்ம ஊர் லைசென்ஸ் இவங்களுக்கு செல்லுமா, அனுபவத்த ஊர்ல லைசென்ஸ் எடுத்த தேதிலேர்ந்து கணக்கு பண்ணுவாங்களா, இதுக்கு பதில எழுத்துல வாங்கிக்கங்க.

அப்புறம் எந்த விலைக்கு இன்சூர் பண்றாங்கன்னு பாக்கணும். ரீடெயில் வேல்யூ, மார்க்கெட் வேல்யூ, டிரேட் வேல்யூன்னு மூணு இருக்கு, டீலர் விக்கற விலை ரீடெயில், டீலர் உங்ககிட்ட வாங்கற விலை டிரேட், மார்க்கெட் ரெண்டுக்கும் நடுவுல. டிரான்ஸ்யூனியன் போடற டீலர்ஸ் கைடு புக்க வெச்சுத்தான் பொதுவா இது ஓடுது. நீங்க குடுத்த விலைய யாரும் கேக்க மாட்டாங்க. பழைய வண்டிக்கு பெரும்பாலும் மார்க்கெட் வேல்யூதான் போடுவாங்க, வருஷா வருஷம் அது எறங்கும், பிரீமியம் தானா எறங்காது, நாம போன் பண்ணி சண்ட போட்டா எறங்கும். மேல நான் போட்ட கணக்க வருஷத்துக்கு ஒரு தடவ திருப்பி போடச் சொல்றதும் இதுக்காகத்தான்.

லோன்ல வாங்குனவங்களுக்கு இவ்வளவு யோசனையே வேணாம், காம்ப்ரிஹென்சிவ் இல்லாம பேங்க் வண்டிய விடாது. அவங்க பாக்க வேண்டியது ஷார்ட்ஃபால் கவர் மட்டும், வண்டி போனா இன்சூரன்ஸ் தர்ற பணத்துக்கும் பேங்க் பாக்கிக்கும் நடுவுல விழற பள்ளத்த அது ரொப்பும். டெபாசிட் கட்டாம நீளமான லோன் போட்டவங்களுக்கு அது தேவை, பாதிக்கு மேல கட்டி முடிச்சவங்களுக்கு அநேகமா தேவையில்ல.

சஸ்ரியான்னு ஒரு பேரு பாலிசில சின்னதா இருக்கும், அத வேணாம்னு நீக்கிடாதீங்க. கலவரம், போராட்டம், தீ வெப்பு இதுல வண்டி போனா சாதாரண கம்பெனி தராது, அரசாங்கத்தோட சஸ்ரியா மட்டும்தான் தரும். 2021 ஜூலைல இங்க கடைங்க சூறையாடுனப்ப அவங்க குடுத்தது 30 பில்லியன் ரேண்டுக்கு மேல. தனி காருக்கு அதோட பிரீமியம் ரொம்ப சின்னது. தர்ட் பார்ட்டி பாலிசியோட அத சேத்துக் குடுப்பீங்களான்னு கேட்டுப் பாக்கலாம்.

எந்த பாலிசி எடுத்தாலும் கிளெய்ம் நிக்கறதும் விழறதும் முதல் நாள் போன்ல நீங்க சொன்ன பதில்லதான் இருக்கு, அத முழுசா ரெகார்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. யாரு அதிகமா ஓட்டுவாங்கன்னு கேட்டா உண்மைய சொல்லுங்க. பையன் காலேஜுக்கு எடுத்துட்டு போற வண்டிக்கு அப்பா பேர போட்டு பிரீமியத்த கொறைக்கறது நம்மாளுங்க நெறைய பேர் பண்றது, பையன் இடிச்ச அன்னிக்கு அது தெரிஞ்சுடும். ராத்திரி வண்டி பூட்டுன கராஜ்ல நிக்குதா, கார்போர்ட்லயா, ரோட்லயா, அதையும் அப்படித்தான். லீவு நாள்ல டெலிவரி ஓட்டறீங்கன்னா தனி உபயோகம்னு சொல்லாதீங்க. டயர்ல 1 மில்லிமீட்டருக்கு கீழ தேஞ்சிருந்தா வண்டியே ரோட்டுக்கு தகுதியில்லாததுன்னு சொல்லிடுவாங்க, பழைய கார் வாங்குனவங்க இதுலதான் மாட்டறாங்க. கம்பெனி கிளெய்ம தள்ளுபடி பண்றது அநியாயம்னு பட்டா நேஷனல் ஃபைனான்ஷியல் ஒம்பட்னு ஒரு அமைப்பு 2024 மார்ச்லேர்ந்து இருக்கு, காசு கேக்க மாட்டாங்க, அங்க எழுதுங்க.

வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல இருக்கற கோட் நம்பர். கோட் 2ன்னா சாதாரண பழைய வண்டி. கோட் 3ன்னா ஒரு தடவ ரைட் ஆஃப் ஆகி (இனி ரிப்பேர் பண்ணி பிரயோஜனமில்லன்னு கணக்கு முடிச்சு) திரும்ப கட்டுன வண்டி, விலை ஆசையா இருக்கும், ஆனா பல கம்பெனி அத தொடவே தொடாது, தொட்டாலும் கொறச்சலாத்தான் தரும். அதுக்கு கிடைக்கற தர்ட் பார்ட்டியோட திருப்திப்பட்டுக்கங்க. இஞ்சின் புகை விடுதுன்னு இன்சூரன்ஸ்ல கேக்க முடியாது, டீலர்கிட்ட வாங்கியிருந்தா நுகர்வோர் சட்டத்துல ஆறு மாசம் வரைக்கும் கேக்கலாம், தனி ஆள்கிட்ட ஃபூட்ஸ்டூட்ஸ்னு, அதாவது இருக்கற நெலமைலயே வாங்கிக்கறேன்னு, எழுதி வாங்குனா அதுவும் பொதுவா இல்ல.

தம்பி கடைசில காம்ப்ரிஹென்சிவ்தான் எடுத்தான், காரணம் வண்டி விலை இல்ல, அவன் குடியிருக்கறது இசிபிங்கோல தாழ்வான பக்கம், வண்டி நிக்கறது ரோட்ல, ஒரு மழைக்கு முட்டி வரைக்கும் தண்ணி நிக்கற தெரு. அதே எடியோஸ், அதே விலை, மேட்டுல இருக்கற எங்க தெருவுல பூட்டுன கராஜ்ல நின்னா நான் தீ திருட்டோட நிறுத்தியிருப்பேன், மிச்சமாகற 400 ரேண்ட தனி அக்கவுண்ட்ல போடுன்னு சொல்லியிருப்பேன். பக்கி அங்கிள் வாரத்துக்கு ரெண்டு நாள் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான் போறாரு, அவருக்கு தர்ட் பார்ட்டி மட்டும் போதும், அது போடாம அவரு ஓட்டறத பாக்கறப்பதான் எனக்கு வயித்த கலக்குது.

கடைசியா ஒண்ணு, வண்டிய டீலர் யார்டுலேர்ந்து வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி கவர் எந்த தேதி, எந்த மணிலேர்ந்துன்னு ஈமெயில்ல வாங்கிடுங்க. சில கம்பெனி போட்டோ எடுத்து அனுப்புனாத்தான், இல்ல அவங்க ஆள் வந்து வண்டிய பாத்தாத்தான் ஃபுல் கவர் தருவாங்க, அதுவரைக்கும் நீங்க ஓட்டறது உங்க சொந்தப் பொறுப்புல. முதல் டெபிட் ஆர்டர் போற தேதிக்கு அக்கவுண்ட்ல காசு இருக்கான்னு பாத்துக்கங்க, சம்பளம் 25ஆம் தேதின்னா டெபிட்ட 26க்கு மாத்தி வைக்கச் சொல்லுங்க, கேட்டா மாத்திக் குடுப்பாங்க.